வண்டின் ஒலியும் ட்ரோன் விதிகளும்: வன்னியிலிருந்து ஒரு திறந்த மடல்

இலங்கையில் ஆளில்லா விமானங்களுக்கான விதிகளை வகுக்கும் அதிகாரிகளுக்கும், அவற்றை வடக்கே வன்னியில் நடைமுறைப்படுத்தும் பிரதேச நிருவாகத்தினருக்கும்,

மதிப்புக்குரியோரே,

நான் இரணைமடுக் குளத்தின் கீழ் நெல் செய்யும் கமக்காரன். ட்ரோன் வேண்டாம் என்று சொல்வதற்காக இம்மடலை எழுதவில்லை. என் வயலுக்கே இரண்டு போகமாக ட்ரோனால்தான் மருந்து தெளிக்கிறேன்; என் அக்காவின் மகன் ட்ரோன் கமராவை நம்பித்தான் ஸ்ரூடியோ நடத்துகிறான். நான் கேட்பது ஒன்றே: பொழுதுபோக்குக்காகவோ வணிகத்துக்காகவோ ட்ரோனைப் பறக்கவிடும் எவரும், அது எந்த வீடுகளுக்கும் வயல்களுக்கும் மேலாகப் போகிறதோ அங்குள்ளவர்களுக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்பதை விதியாக்குங்கள்.

இதைக் கேட்கும் காரணத்தைச் சொல்ல, சென்ற சிறுபோகத்தில் ஒரு காலைப் பொழுதை விவரிக்க வேண்டியிருக்கிறது. நான் வாய்க்காலில் தண்ணீர் முறைக்காக நின்றிருந்தேன். வீட்டின் பின்பக்கத்தில் ஒரு ட்ரோன் எழுந்து, எங்கள் வளவுக்கு மேலே சிறிது நேரம் அசையாமல் நின்று, பின் ஒழுங்கையோடு போயிற்று. யாருடையது, எதற்காக வந்தது என்று இன்றுவரை தெரியாது. நான் வீட்டுக்கு வந்தபோது அடுப்பு ஈரமாகப் புகைந்துகொண்டிருந்தது; பால் கொதிக்க வைத்த சட்டி அப்படியே கிடந்தது. எண்பதைத் தொடும் என் அம்மா, அடுப்பில் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றிவிட்டு, பேத்தியைக் கையில் பிடித்தபடி வாழைகளுக்கிடையே குந்தியிருந்தார். அந்த வாழைகள் நிற்கும் இடத்தில்தான் முன்னர் எங்கள் பங்கர், அதாவது பதுங்குகுழி, இருந்தது. மீளக்குடியமர்ந்த ஆண்டு நானே அதை மண்போட்டு மூடினேன். "புகை தெரிஞ்சா அவனுக்கு இடம் தெரிஞ்சிடும்" என்றார் அம்மா. சின்னவளுக்கு அது ஒரு விளையாட்டாகவே பட்டிருக்கிறது.

போர்க்காலத்து வேவு விமானத்தை நாங்கள் "வண்டு" என்போம். அது சுற்றிப் போனால் பின்னால் கிபிர் குண்டுவீச்சு விமானமோ ஷெல்லோ வரும் என்பது பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரிந்திருந்த பாடம். 2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று நகர்ந்தவர்கள் இரவும் பகலும் அந்த இரைச்சலின் கீழேயே நகர்ந்தார்கள். இன்றைய ட்ரோனின் ஒலி அதே ஒலி அல்ல என்று ஸ்ரூடியோ நடத்தும் என் மருமகன் விளக்குவான். இது சிறிய காற்றாடிகளின் கீச்சொலி, அது இயந்திர இரைச்சல். அவன் சொல்வது சரிதான். ஆனால் மேலே நிற்பது கல்யாண வீட்டுக் கமராவா, மருந்தடிக்கும் இயந்திரமா, பாதுகாப்புத் தரப்பின் கண்ணா என்பதைக் கீழே நிற்பவரின் காது பிரித்தறியாது. தெரியாத வரைக்கும் காது பழைய விடையையே சொல்கிறது.

எனக்குத் தெரிந்த வரையில், நடப்பிலுள்ள ஒழுங்குகள் இந்தக் கேள்வியைத் தொடுவதில்லை. 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சிவில் விமானப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் ட்ரோன்கள் எடைவாரியாக வகுக்கப்படுகின்றன. பதிவும் அனுமதியும் கோரப்படுகின்றன. பாதுகாப்பு அமைச்சின் இசைவும் தேவைப்படுகிறது. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளின் பின் அந்த வாரத்திலேயே நாடு முழுவதும் ட்ரோன் பறப்புகள் நிறுத்தப்பட்டதும் நினைவிருக்கும். இவை யாவும் பறக்கவிடுபவருக்கும் அரசுக்கும் இடையிலான ஏற்பாடுகள். பதிவிலக்கத்தை ட்ரோனில் ஒட்டினாலும், ஐம்பது மீற்றர் உயரத்தில் நிற்கும்போது அதை எந்தக் கண் வாசிக்கும்? அனுமதி கொழும்பில் ஒரு கோப்பில் இருக்கிறது. ட்ரோன் எங்கள் கூரைக்கு மேல் இருக்கிறது.

பொழுதுபோக்கு, வணிகம் என்ற பிரிப்பையும் மறுபடி யோசிக்கலாம். அமெரிக்காவில் அப்பிரிப்பு இன்றும் உண்டு: வணிகத்துக்குப் பறக்கவிடுவோர் 2016இல் நடைமுறைக்கு வந்த தனி விதியின் கீழ்த் தேர்வெழுதிச் சான்றிதழ் பெற வேண்டும், பொழுதுபோக்குக்குச் சுருக்கமான இணையத் தேர்வு போதும். ஐரோப்பிய ஒன்றியமோ 2020 டிசம்பர் இறுதியிலிருந்து அப்பிரிப்பைக் கைவிட்டு, கீழே இருப்போருக்கு எவ்வளவு ஆபத்து என்பதை வைத்தே வகைப்படுத்துகிறது. அங்கே விளையாட்டுப் பொருள் அல்லாத ட்ரோனில் கமரா இருந்தால், அது 250 கிராமுக்குக் குறைந்ததாயினும், அதை இயக்குபவர் பதிவு செய்தே ஆக வேண்டும். எனக்கு இரண்டாவது வழியே சரியாகப் படுகிறது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர் பொழுதுபோக்காக விட்ட ட்ரோனாலும், கூலிக்கு விட்ட ட்ரோனாலும் என் அம்மா ஒரே மாதிரித்தான் அடுப்பை அணைப்பார்.

தாழ்வான வானம் யாருக்குரியது என்பது புதிய வழக்குமல்ல. 1946இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒரு கோழிப்பண்ணைக்காரரின் வழக்கு வந்தது. இராணுவ விமானங்கள் அவரது காணிக்கு மேலே 83 அடி உயரத்தில் பறக்க, மிரண்ட கோழிகள் சுவர்களில் மோதிச் செத்தன; மனிதர் தொழிலையே விட்டார். நிலத்தோடு ஒட்டிய வானத்தில், தான் பயன்படுத்தக்கூடிய அளவுக்காவது நில உரிமையாளருக்கு உரித்துண்டு என்று நீதிமன்றம் ஏற்றது. கோழிகளின் அச்சம் அங்கே சாட்சியமாக எடுபட்டது.

இனி மருந்துத் தெளிப்புக்கு வருகிறேன். எனக்கு நேரே தெரிந்த விடயம் என்பதால் சற்று விரிவாகவே எழுத வேண்டும். 16 லீற்றர் தாங்கியை முதுகில் சுமந்து, மூடி இறுகாமல் கசிந்த மருந்து சேட்டை நனைத்து முதுகுத்தோலில் எரிய, முழங்கால் சேற்றில் நாள் முழுவதும் நடந்தவன் நான். அந்த வேலைக்கு இன்று கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை. கிடைக்க வேண்டும் என்று நான் விரும்பவும் இல்லை. ட்ரோன் அதே வயலைச் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது. ஆயினும் 10 லீற்றர் கொள்ளும் தெளிப்பு ட்ரோன் நிரம்பிய நிலையில் ஏறத்தாழ 25 கிலோ எடை. அது தலைக்கு மேலே போகும்போது ஒழுங்கையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிற்கக்கூடாது. இரண்டாவது, ட்ரோனில் அதே அளவு மருந்து மிகக் குறைந்த நீரில் கரைக்கப்படுகிறது. ஆகவே காற்றில் விலகிப் போகும் துளி கைத்தெளிகருவியின் துளியைவிட வீரியம் கூடியது. சிறுபோகத்தில் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று காலை ஒன்பது மணிக்கே எழுந்துவிடும். நெல்லுக்கு அடிக்கும் எம்.சி.பீ.ஏ. களைநாசினி அகன்ற இலைப் பயிர்களைக் கொல்லுமாதலால், தண்ணீர் கிடைக்காமல் அயலில் பயறும் மிளகாயும் வைத்தவருக்கு ஒரு காற்றோடு போகம் முடிந்துவிடும். கட்டில்லாத கிணறுகளும் மேய்ச்சலில் நிற்கும் மாடுகளும் இதே காற்றின் வழியில்தான் இருக்கின்றன.

முதல் நாள் மாலை ஒரு சொல் சொல்லியிருந்தால், கிணற்றை மூடலாம், மாட்டை அவிழ்த்து மறுபக்கம் கட்டலாம், கொடியில் கிடக்கும் துணியை எடுக்கலாம். எந்த மருந்து, எத்தனை மணிக்கு, எந்த வாய்க்காலின் கீழ் என்ற மூன்று விபரம் போதும். இதற்குப் புதிய அலுவலகம் எதுவும் வேண்டியதில்லை. தண்ணீர் முறையை ஒவ்வொரு போகமும் அறிவிக்கும் கமக்காரர் அமைப்பு இருக்கிறது; கமநல சேவை நிலையம் இருக்கிறது; கிராம அலுவலர் இருக்கிறார். மரண அறிவித்தலைக்கூட ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊருக்குச் சொல்லும் வழக்கம் எங்களுடையது. கொண்டாட்டங்களுக்கும் இதே வழி பொருந்தும்: வற்றாப்பளை அம்மன் பொங்கலிலோ ஒரு சாமத்திய வீட்டிலோ (பூப்புனித நீராட்டு விழாவிலோ) ட்ரோன் எழப் போகிறதென்றால், அயலுக்கு முன்னரே சொல்வது அழைப்பிதழ் கொடுப்பதைவிடப் பெரிய சுமையல்ல.

விதிகளைத் தமிழில் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன். வட, கிழக்கு மாகாணங்களில் தமிழ் நிருவாக மொழியென்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை கூறுகிறது. என் மருமகன் முறைப்படி அனுமதி பெற முயன்றபோது ஒரு கருமபீடத்தில் கொடுத்த படிவம் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது, இன்னோரிடத்துக்கு அனுப்பினார்கள், அங்கிருந்தும் திருப்பி அனுப்பினார்கள். அவனோடு தொழில் பழகிய சிலர் இந்த அலைச்சலைப் பார்த்துவிட்டு, கேட்காமலே பறக்கவிடுகிறார்கள். அது தவறு என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் நேரே போகிறவனுக்குக் கதவு திறக்காவிட்டால் வேலியால் பாய்கிறவன்தான் கூடுவான். ஆகவே அனுமதியை மாவட்டச் செயலகத்திலேயே, தமிழில், குறித்த நாட்களுக்குள் பெற வழி செய்யுங்கள். இந்தியா 2021ஆம் ஆண்டின் விதிகளில் வரைபடத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்து, எங்கே எதற்கு அனுமதி வேண்டும் என்பதை எவரும் பார்க்கும்படி வெளியிட்டது. விமானப்படைத் தளங்களும் முகாம்களும் வயல்களும் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கும் வன்னியில் அப்படியொரு வரைபடம் தமிழில் இருப்பது அவசியம்.

இறுதியாக, அரச தரப்பின் ட்ரோன்களைப் பற்றி. பாதுகாப்புக் காரணத்தால் ஒவ்வொரு பறப்பையும் அறிவிக்க முடியாது என்று சொல்வீர்கள். அதை ஓரளவுக்கு ஏற்கிறேன். ஆனால் நில அளவை, வெள்ளச் சேத மதிப்பீடு, வீதிப் படம் போன்றவற்றில் மறைக்க எதுவுமில்லை. 2024 மார்ச் முதல் அமெரிக்காவில் பதிவுக்குரிய ட்ரோன்கள் பறக்கும்போதே தம் அடையாளத்தை ஒலிபரப்ப வேண்டும் என்பது அமுலாகிறது. கீழே நிற்பவர் கைத்தொலைபேசியில் அதைப் பார்க்கலாம். இங்கே அது வரும்வரை, கிராம அலுவலரின் அறிவித்தல் பலகையில் ஒரு தாள் ஒட்டினால் போதும்.

இப்போது என் வயலுக்குத் தெளிக்க வரும் பொடியன் முதல் நாளே வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நேரம் சொல்லிவிட்டுப் போகிறான். ஆறரைக்கு என்றால் அம்மா ஆறு மணிக்கே தேத்தண்ணி வைத்து முடித்துவிட்டு, கதிரையை முற்றத்தில் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். சத்தம் கேட்டதும் பேத்தியின் கையை இன்னமும் பிடிக்கிறார்தான்; ஆனால் எழும்பிப் போவதில்லை. தங்கள் பதிலைத் தமிழில் எதிர்பார்க்கிறேன்.

இங்ஙனம்,
இரணைமடு வலதுகரையைச் சேர்ந்த ஒரு கமக்காரன்