செயலாளரின் ஆண்டறிக்கை: கொல்லிமலை ராலியும் மற்ற நடவடிக்கைகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நமது மோட்டார் சைக்கிள் சங்கத்தின் கடந்த ஆண்டு நடவடிக்கைகளைப் பேரவை முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார்; தணிக்கை செய்த நகல் வாசல் மேசையில் இருக்கிறது. மாதாந்திரக் கூட்டங்கள் நடந்தன. ஆடி மாதக் கூட்டத்துக்கு மட்டும் கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை, சேரவில்லை. கொல்லிமலையில் நடக்கும் வல்வில் ஓரி விழாவுக்குப் பாதிப் பேர் மலை ஏறிவிட்டார்கள், அதைக் குறையாகச் சொல்ல முடியாது. செயின் பராமரிப்பு வகுப்பும் ஹெல்மெட் சோதனை முகாமும் நடத்தினோம். ஹெல்மெட் வாங்குவதில் காட்டும் அக்கறையை அதன் வாரை மாட்டுவதிலும் காட்டினால் நல்லது என்பது முகாமில் கண்ட உண்மை.

இனி ராலிக்கு வருகிறேன். இந்த ஆண்டு நாம் செய்த ஒரே பெரிய காரியம் அதுதான். தை மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு. நாமக்கல்லில் புறப்பட்டு சேந்தமங்கலம், காரவள்ளி வழியாகக் கொல்லிமலை ஏறி, இரவு செம்மேட்டில் தங்கி, மறுநாள் முள்ளுக்குறிச்சி வழியாக இறங்கி ராசிபுரம் வருவது என்று திட்டம்.

ராலி என்றதும் காவல்துறையில் கேட்ட முதல் கேள்வி, “ரேஸா?” என்பதுதான். கேட்டதில் தவறில்லை. அரசின் எழுத்துபூர்வமான அனுமதியின்றிப் பொதுச் சாலையில் பந்தயம் விடுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவின்படி குற்றம். நாம் நடத்தியது நேரமும் தூரமும் பார்த்து ஓட்டும் வழிகாட்டல் ராலி. கொடுத்த சராசரி வேகத்தில், கொடுத்த பாதையில் போக வேண்டும். பிந்தி வந்தால் நிமிடத்துக்கு ஒரு புள்ளி அபராதம், முந்தி வந்தால் இரண்டு. மலைப்பாதைக்கு மணிக்கு 24 கிலோமீட்டர் என்று வைத்திருந்தோம். இதை விளக்கிய பிறகு அனுமதி கிடைத்தது. நம் இளைஞர்களுக்கு விளக்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

ஒவ்வொரு வண்டியிலும் இருவர் கட்டாயம்: ஓட்ட ஒருவர், பின்சீட்டில் வழி சொல்ல ஒருவர். போனை உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டோம், அவசரத்துக்கு மட்டும் பிரிக்கலாம். கையில் ரோடு புக் மட்டுமே. அதில் ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு சின்னப் படம் இருக்கும். உருண்டைப் புள்ளி நாம் வரும் பக்கம், அம்புக்குறி போகவேண்டிய பக்கம், பக்கத்தில் அதுவரை வந்த தூரம். நெதர்லாந்தின் துலிப் ராலியிலிருந்து உலகமெங்கும் பரவிய முறை இது. ஊர்ப் பெயரே இல்லாமல் இந்தப் படங்களை வைத்து ஒரு நாள் முழுக்கப் போய்வரலாம் என்பதை நேரில் பார்க்கும் வரை நானே பாதிதான் நம்பினேன்.

பின்சீட்டில் வருபவர்கள் சேலை தவிர்த்து, ஷூ அணிந்து வரவேண்டும் என்று செயற்குழு சொன்னதற்கு முணுமுணுப்பு இருந்தது. சேலைத் தலைப்பு பின்சக்கரத்தில் சிக்குவதை ஒருமுறை பார்த்தவர்கள் யாரும் முணுமுணுக்கவில்லை.

கலந்துகொண்ட ஜோடிகளில் ஒரு தம்பதியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். காரணம் பிறகு வருகிறது. கணவர் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் நம் உறுப்பினர். மனைவி பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறார். வண்டி பழைய நூறு சிசி. வேண்டும்போது பூஜ்யத்திலிருந்து எண்ணும் ட்ரிப் மீட்டர் கிடையாது, மொத்த தூரம் காட்டும் மீட்டர் மட்டும். ஒவ்வொரு சந்திப்பிலும் அந்த அம்மையார் பழைய எண்ணை மனதில் கழித்துத்தான் தூரம் சொல்ல வேண்டும்.

முதல் 10 கிலோமீட்டரை மீட்டர் சரிபார்க்கவே விட்டிருந்தோம். அந்த முடிவில் அவர்கள் மீட்டர் 10.4 காட்டியிருக்கிறது. பலர் அதைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். இந்த அம்மையார் வண்டியை ஓரம்கட்டச் சொல்லி, பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒரு அட்டவணையே போட்டுவிட்டார். உண்மையில் 6 கிலோமீட்டர் என்றால் மீட்டரில் 6.24, நேரம் 15 நிமிடம். 12 என்றால் 12.48, நேரம் 30 நிமிடம் என்று வரிசையாக. அந்தத் தாளை வாங்கிக் கோப்பில் வைத்திருக்கிறேன், பார்க்க விரும்புவோர் பார்க்கலாம். மீட்டரை அப்படியே நம்பி 24 கிலோமீட்டர் ஓடியிருந்தால் இரண்டு நிமிடத்துக்கு மேல் பிந்தியிருப்பார்கள். பிந்தியது அவர்களுக்குத் தெரிந்தும் இருக்காது.

காரவள்ளியில் 70 கொண்டை ஊசி வளைவுகளும் தொடங்குகின்றன. ஒவ்வொரு வளைவிலும் எண் பலகை இருப்பதால் வழி தவற வாய்ப்பில்லை, வேகம்தான் சோதனை. அரசுப் பேருந்து வளைவில் திரும்பும்போது சாலை முழுவதும் அதற்கே வேண்டும். இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி, வாழைத்தார் ஏற்றி வரும் வேன்காரர்களுக்கு அதைச் சொல்வது யார்? நின்று நின்று ஏறிய நேரத்தை எங்கே ஈடுகட்டுவது என்பதுதான் கணக்கு. வண்டிகள் வரும் நேரத்தைக் குறிக்க நடுவில் வைத்த கட்டுப்பாட்டு மையத்தில் மார்ஷலாக, அதாவது கண்காணிப்பாளராக, இருந்த நான், இந்த ஜோடி வந்ததைப் பார்த்தேன். வளைவுக்கு முன்பே அந்த அம்மையார் குரல் கேட்டது. “ஏனுங்க, அரை நிமிசம் முன்னாடி இருக்கறோமுங்க. ரெண்டாவது கியருக்கு வாங்க.” அவர் மறுபேச்சில்லாமல் கியரைக் குறைத்தார். பட்டறையில் அவர் யார் சொல்லும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அதே இடத்துக்குப் பெரிய வண்டியில் வந்த இரு தம்பிகள் ஆறு நிமிடம் முந்தி வந்து, எங்களைப் பார்த்ததும் ஐம்பது அடி தள்ளி நின்றுகொண்டார்கள். மையம் கண்ணில் பட்டபிறகு நிற்கக்கூடாது என்று ரோடு புக்கின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. முந்தியதற்கு பன்னிரண்டு புள்ளி, நின்றதற்குத் தனி. “அண்ணா, டீ குடிக்கக்கூட நிக்கக்கூடாதா?” என்றார்கள். அங்கே டீக்கடை இல்லை.

செம்மேடு தாண்டி ஒரு திருப்பத்தில் எல்லோரும் திணறினார்கள். வழி பார்த்து ரோடு புக் தயாரித்தபோது இருந்த பெயர்ப்பலகையை இப்போது காதணி விழா ஃபிளெக்ஸ் மூடியிருந்தது. இந்தத் தம்பதியும் நேராகப் போய்விட்டார்கள். முன்னூறு மீட்டர் போனதும் அம்மையார், “படத்துல வலது பக்கம் தண்ணித் தொட்டி போட்டிருக்குது, காணமே. திருப்புங்க” என்றாராம். “இன்னும் கொஞ்சம் பார்ப்பமே, அம்மணி” என்று கணவர் கேட்டதற்கு, “மீட்டர் தாண்டிருச்சுங்க” என்று ஒரே பதில். திரும்பியதால் மூன்று நிமிடம் போனது. திரும்பாதவர்கள் அறப்பளீஸ்வரர் கோயில் வரை போய், அங்கிருந்து விசாரித்து வந்தார்கள். சாமி தரிசனம் ஆயிற்று என்ற அளவில் லாபம்.

அன்று இரவுக்கு அறை தருவதாகச் சொன்ன விடுதி கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டது. ஒரு மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்தோம். குளிரில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. அடுத்த முறை முன்பணமும் ரசீதும் இல்லாமல் எந்த ஏற்பாடும் செய்வதில்லை என்று செயற்குழு முடிவெடுத்துள்ளது.

ஞாயிறு காலை மூடுபனி விலகும்வரை புறப்பாட்டை ஒரு மணி நேரம் தள்ளினோம். இறக்கம் அமைதியாக முடிந்தது. கியரில் பிடித்து இறங்காமல் பிரேக்கையே நம்பிய ஒரு வண்டியில் டிரம் சூடேறி வாசனை வந்தது. நிறுத்தி ஆறவைத்து அனுப்பினோம். யாருக்கும் காயமில்லை.

முதல் இடம் ஒரு மாமனார், மருமகன் ஜோடிக்கு. பின்சீட்டில் வந்த மாமனார் ஓய்வுபெற்ற கண்டக்டர், நேரக்கணக்கு அவருக்குப் புதிதல்ல. இரண்டாம் இடம் மேற்சொன்ன தம்பதிக்கு.

இங்கேதான் சிக்கல். பரிசுப் பதிவேட்டில் உறுப்பினர் பெயரை மட்டுமே எழுத முடியும். சொந்தப் பெயரில் வண்டியும் ஓட்டுநர் உரிமமும் இருப்பவரே உறுப்பினர் என்கிறது நம் துணைவிதி. ஆகவே கணக்குப் போட்டு, வழி சொல்லி, வேகத்தைக் கட்டுப்படுத்தியவர் பெயர் பதிவேட்டில் இல்லை. கைப்பிடியைப் பிடித்திருந்தவர் பெயர் இருக்கிறது. மாமனாருக்கும் இதே கதிதான். கணவரே என்னிடம் வந்து, “அவ பேர எழுதாம என் பேர மட்டும் எழுதாதீங்க சார்” என்று சொல்லிவிட்டதால் அந்த வரியை இன்றுவரை காலியாக விட்டிருக்கிறேன்.

ஆகவே பின்சீட்டு வழிகாட்டிகளையும் வாக்குரிமையுள்ள முழு உறுப்பினர்களாகச் சேர்க்கும் திருத்தத்தைச் செயற்குழு முன்மொழிகிறது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி துணைவிதியைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அறிவிப்பு முறைப்படி எல்லோருக்கும் வந்திருக்கும். “குடும்பப் பெண்களுக்கு எதற்கு ஓட்டு?” என்று ஒரு மூத்த உறுப்பினர் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் ராலியில் கலந்துகொள்ளவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

அனுமதி தந்த காவல்துறைக்கும் வனத்துறைக்கும், வெயிலிலும் பனியிலும் நின்ற மார்ஷல்களுக்கும் சங்கத்தின் நன்றி. அறிக்கையை ஏற்கும்படி பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன். தீர்மானத்துக்கான வாக்குச்சீட்டு சாப்பாட்டுக்கு முன்பே வழங்கப்படும், சாப்பிட்டதும் கிளம்பிவிடாமல் இருந்து போட்டுவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்