கூத்துடுப்புத் தைக்கிற வாசகி எழுதுறது

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு,

போன ஞாயிறு உங்கட வாரமலர்ல, வெளிநாடுகள்ல ஊர் ஊராப் போற விஞ்ஞானக் கற்பனைப் படச் சாமான் கண்காட்சியைப் பத்தி ஒரு கட்டுரை வந்தது. அதுல "சினிமாவுல போட்டுக் கழிச்ச உடுப்பையும் பிளாஸ்டிக் முகமூடியையும் நூதனசாலையில வைக்கிற காலம் வந்திட்டு" எண்டு ஒரு வரி. உங்கட பத்திரிகைய என்ட மாமனார் காலத்துல இருந்தே எங்கட வீட்டுல வாங்குறம், அதனாலதான் மனசு நொந்து போச்சு.

நான் அப்பிடி ஒரு கண்காட்சியைக் கண்ணால பார்த்தவள் ஐயா. 2017ல லண்டன்ல மகள்ட வீட்டுக்குப் போயிருந்த நேரம் மருமகன் ஓ2 மண்டபத்துக்குக் கூட்டிப் போனார், ஸ்டார் வோர்ஸ் படத்துச் சாமான்கள், 2012ல மொன்றியல்ல தொடங்கி நாடு நாடாச் சுத்தி வந்த கண்காட்சி, உடுப்பு, மொடல், பொம்மை, கீறின படம் எண்டு கிட்டத்தட்ட 200 பொருள். கையில ஒரு பட்டியைக் கட்டி விட்டாங்க, இடத்துக்கு இடம் கேள்விக்குப் பதில் சொல்லச் சொல்ல கடைசியில எங்களுக்கெண்டு ஒரு பாத்திரம் திரையில வரும், பேரப்பிள்ளைகள் அதோடயே நிண்டுட்டுதுகள். நான் அந்தப் படத்து வில்லன் டாத் வேடர்ர கறுப்பு உடுப்புக்கு முன்னால நிண்டன். படமும் தெரியாது கதையும் தெரியாது, ஆனா உடுப்பு எனக்குத் தெரியும். அதை உருவாக்கின ஜோன் மொலோ மோட்டசைக்கிள் ஓடுற ஆக்கள்ர தோல் உடுப்பு, ஜேர்மன்காரர்ர ஹெல்மட், நச்சுப்புகைக்குப் போடுற முகமூடி, பழைய காலத்துத் துறவிமார்ர மேலங்கி, இப்பிடி உடுப்புக் கம்பனியில கிடந்ததுகளை ஒண்டாச் சேர்த்துத்தான் முதல்ல போட்டுப் பார்த்தவராம். 1978ல அதுக்கு ஒஸ்கார் குடுத்தாங்க. அதே மனுசன்தான் பிறகு காந்தி படத்துக்கு இந்தியாவுல பானு அத்தையாவோட சேர்ந்து உடுப்புச் செஞ்சு ரெண்டு பேரும் ஒஸ்கார் வாங்கினவங்க. உங்களுக்குத் தெரியாததில்ல. தெரிஞ்சும் கழிச்ச உடுப்பு எண்டு அச்சடிக்க விட்டீங்களே எண்டதுதான் என்ட வருத்தம்.

அங்க வெளிச்சத்தையே குறைச்சுத்தான் வைச்சிருக்காங்க, கூட வெளிச்சம் பட்டா சீலைச் சாயம் வெளிறும், பொம்மை செய்யிற நுரை ரப்பரும் வருசம் போகப்போகச் சூட்டுலயும் வெளிச்சத்துலயும் பொடிஞ்சு கொட்டும். இதெல்லாம் மருமகன் சொல்லச் சொல்ல எனக்கு எங்கட வீட்டுல கூத்துடுப்பு வைக்கிற றங்குப்பெட்டிதான் கண்ணுக்குள்ள நிண்டது.

எங்கட வடமோடிக் கூத்துக்குக் கரப்புடுப்புத் தைக்கிறதெண்டா என்னெண்டு இந்தக் கட்டுரை எழுதினவர் ஒருக்கா வந்து பார்க்கட்டும். உள்ளுக்கு வளையம் குடுத்துச் சீலையை விரிச்சு, கண்ணாடியும் மணியும் ஒவ்வொண்டாத் தைச்சு, அதுக்கு மேல மார்புப் பதக்கம், கிரீடம். டாத் வேடருக்குள்ள நிண்டவர் ஒராள், குரல் குடுத்தவர் வேற ஆள். எங்கட ஆள் அவ்வளவு பாரத்தையும் தூக்கிக்கொண்டு தானே பாடித் தானே விடிய விடியக் களரி மேடையில ஆடவேணும். மாமனார் வைச்சிருந்த கிரீடம் 1978 சூறாவளியில வீட்டோட போச்சு, மிச்சம் இருந்ததுல பாதி 90ல இடம்பெயர்ந்த நேரம் போச்சு. அதுக்கும் தப்பினதுல நல்ல உடுப்பு ஒண்டை ஒரு அலுவலகத்துல இருந்து வந்து விழாவுல காட்சிக்கு வைக்கிறம் எண்டு கெஞ்சி வாங்கிப் போனாங்க, திருப்பித் தந்த நேரம் அது மழையில நனைஞ்சு, சாயம் ஓடி, கறையான் பிடிச்சுக் கிடந்தது, ஒரு மன்னிப்பும் இல்ல. அதை உங்களுக்கு எழுதினன், நீங்க போடல்ல. பேராசிரியர் வித்தியானந்தன் 1960கள்ல எங்கட கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டு போனதை வருசா வருசம் பெருமையா எழுதுறீங்க, நல்லது, அந்த மேடையில ஆடின உடுப்பு ஒண்டை இண்டைக்கு எங்க போய்ப் பார்க்கலாம் எண்டும் ஒருக்கா எழுதுங்களன்.

வெளியில எறியிற சாமானுக்கு என்ன மதிப்பெண்டு கேக்கிறவைக்கு இன்னொண்டும் சொல்லுறன். விஞ்ஞானக் கதை எழுதின ஆதர் சி. கிளார்க், இந்த நாட்டுலயே இருந்து 2008ல இஞ்சயே கண் மூடினவர், திருகோணமலைக் கடல்லயும் சுழியோடினவர், அவர் சேர்ந்து எழுதின "2001: எ ஸ்பேஸ் ஒடிசி" எண்ட விண்வெளிப் படத்துல சந்திரனுக்குப் போற கப்பல்ர மொடல் ஒண்டு ஒரு சித்திர வாத்தியார்ர வீட்டுல கிடந்து தப்பி 2015ல ஏலத்துல 344,000 டொலருக்குப் போனது. வாங்கினது ஒஸ்கார் குடுக்கிற அகடமி. அந்த வாத்தியார் வைச்சிருந்தபடியாத்தான் அது இண்டைக்கு இருக்கு. எங்கட படுவான்கரையில கூத்துப் பழக்கிற அண்ணாவிமார்ர வீடுகள்லயும் இப்பிடித்தான் கொஞ்சம் கிடக்கு, அவங்களும் ஆரும் கேக்காமலே வைச்சுக் காக்கிறாங்க.

ஐயா, நான் பெரிசா ஒண்டும் கேக்கல்ல. அந்த வரி பிழையெண்டு ஒரு மூலையில போடுங்க. இனிக் கூத்துப் படம் போடுற நேரம், "கூத்துக் கலைஞர்கள்" எண்டு மட்டும் போட்டு விடாம, உடுப்புத் தைச்ச ஆள்ர பேரையும் ஊரையும் படத்துக்குக் கீழ ஒரு வரி சேர்த்துப் போடுங்க. பேர் தெரியாட்டி ஆடினவங்களைக் கேட்டா உடனே சொல்லுவாங்க.

இப்படிக்கு,
கூத்துடுப்புத் தைக்கிற ஒரு வாசகி,
படுவான்கரை, மட்டக்களப்பு.