நான்காவது லினக்ஸை இறக்குவதற்கு முன்

மதுரை,
21-12-2025, ஞாயிறு.

அன்பு நண்பா,

உன் கடிதம் வியாழக்கிழமை கைக்கு வந்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. கொஞ்ச நாளைக்கு அவரைக் குனிந்து எதையும் தூக்கவிடாதே. இங்கே எல்லாரும் நலம். மகள் பத்தாம் வகுப்பு, விடியற்காலை நாலரைக்கே விளக்கு எரிகிறது. எனக்கு வழக்கம்போல் பாலிடெக்னிக் லேப்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ எழுதிய நாலு பக்கத்தில் மூன்று பக்கம், விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளமான லினக்ஸ். விண்டோஸ் 10-க்கு அக்டோபர் 14-ஆம் தேதியோடு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. உன் லேப்டாப் 2017-இல் வாங்கியது, இன்டெல் ஏழாம் தலைமுறை, அதனால் விண்டோஸ் 11 ஏறாது. நல்ல நிலையில் ஓடும் மெஷினைத் தூக்கிப்போட மனமில்லாமல் லினக்ஸ் பக்கம் வந்தாய். அந்த முடிவு ரொம்ப சரி. ஆனால் ஒரே வாரத்தில் உபுண்டு, ஃபெடோரா, ஆர்ச் என்று மூன்றை இறக்கிப் பார்த்துவிட்டு, ‘எதுவும் சரிப்படவில்லை, நான்காவதாக எதைப் போடட்டும்?’ என்று கேட்டிருக்கிறாய்.

இப்போதைக்கு எதையும் போடாதே. உன் கோளாறு எதுவும் டிஸ்ட்ரோவில், அதாவது லினக்ஸின் எந்த வகையைப் போட்டாய் என்பதில், இல்லை.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், இதே தவறை நானும் செய்திருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் லேபில் ஒரு மெஷின். டெபியன் போட்டேன், 38 சதவீதத்தில் நின்றது. மறுபடி போட்டேன், 71-இல் நின்றது. டெபியனில்தான் ஏதோ பிரச்சினை என்று மின்ட் போட்டேன், அப்புறம் ஃபெடோரா, அப்புறம் ஓப்பன்சூசே. ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் விழுந்தது. இரண்டு ராத்திரி போய்விட்டது. மூன்றாம் நாள் வாட்ச்மேன் அண்ணன் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, “ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்துல நிக்குதா சார்?” என்று கேட்டார். அப்போதுதான் உறைத்தது. மென்பொருளில் தவறு என்றால் பெரும்பாலும் அதே இடத்தில், அதே வார்த்தையோடு நிற்கும். இறக்கிய நிறுவல் கோப்பு, அதாவது ஐஎஸ்ஓ, பாதியில் கெட்டிருந்தாலும் அப்படித்தான். நிற்கும் இடம் மாறிக்கொண்டே இருந்தால் மெஷினைத் திறந்து பார்க்க வேண்டும். பென்டிரைவின் துவக்க மெனுவிலேயே மெமரி டெஸ்ட் இருக்கிறது. அதை ஓடவிட்டேன். நாலு நிமிஷத்தில் திரை முழுக்கச் சிவப்பு வரிகள். மெமரி இருக்கும் இரண்டு ராம் குச்சிகளையும் கழற்றி, பித்தளை நிறக் கால்களை ரப்பரால் தேய்த்து மாட்டினேன், அப்படியும் சிவப்பு. ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு மற்றதை மட்டும் வைத்து ஓடவிட்டேன், சிவப்பு போய்விட்டது. அதன்பிறகு முதலில் போட்ட அதே டெபியன் இருபது நிமிஷத்தில் ஏறியது. நான்கு டிஸ்ட்ரோவையும் நான் வீணாகத் திட்டியிருக்கிறேன்.

இப்போது உன் லேப்டாப். உபுண்டு போடும்போது டிஸ்க்கே தெரியவில்லை, ஃபெடோராவிலும் தெரியவில்லை, ஆர்ச்சிலும் தெரியவில்லை என்கிறாய். மூன்றிலும் தெரியாதது நான்காவதில் எப்படித் தெரியும்? பெயரும் நிறமும்தான் வேறு, உள்ளே ஓடுவது லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் ஆரம்பித்த அதே கர்னல் என்ற மையப் பகுதி. உபுண்டு அந்த இடத்தில் ஒரு பக்கம் காட்டியிருக்கும், ‘இந்தக் கணினியில் ஆர்எஸ்டி இயக்கத்தில் இருக்கிறது, அதை அணைத்துவிட்டு வாருங்கள்’ என்ற பொருளில். ஆர்எஸ்டி என்பது டிஸ்க்கை நிர்வகிக்கும் இன்டெல்லின் முறை. நீ அந்தப் பக்கத்தைப் படிக்காமல் மூடியிருப்பாய். லேப்டாப் கம்பெனிகள் பலவும் டிஸ்க்கை ரெய்டு என்ற, பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஆளும் முறையில் வைத்து விற்கின்றன. உன்னுடையதில் இருப்பது ஒரே டிஸ்க், அதற்கு ரெய்டு தேவையே இல்லை. மெஷின் துவங்கும்போதே திறக்கும் அமைப்புப் பக்கமான பயாஸுக்குள் போய், ஏஹெச்சிஐ என்ற சாதாரண டிஸ்க் முறைக்கு மாற்றினால் டிஸ்க் தெரிந்துவிடும்.

ஆனால் அவசரப்பட்டு மாற்றிவிடாதே. அப்படியே மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் விழுந்துவிடும். வரிசையாகச் செய்ய வேண்டும். முதலில் விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இருக்கிறதா என்று பார். இருந்தால் மீட்புச் சாவியை ஒரு நோட்டில் எழுதி வை. பயாஸில் கை வைத்தால் சில சமயம் அந்த 48 இலக்கத்தைக் கேட்கும். அடுத்து, சிஸ்டம் கான்ஃபிகரேஷன் என்று தேடித் திறந்து, பூட் பகுதியில், குறைந்த வசதியோடு மட்டும் துவங்கவைக்கும் சேஃப் பூட்டைத் தேர்ந்தெடு. ரீஸ்டார்ட் செய்து நேரே பயாஸுக்குப் போய் ஏஹெச்சிஐ என்று மாற்று. விண்டோஸ் சேஃப் மோடில் எழும்பி, தனக்கு வேண்டிய டிரைவரை, அதாவது டிஸ்க்கோடு பேசும் மென்பொருளை, தானே எடுத்துக்கொள்ளும். உள்ளே நுழைய நாலு இலக்கப் பின் நம்பர் வேலை செய்யாமல் போகலாம், முழு பாஸ்வேர்டு நினைவில் இருக்கட்டும். அப்புறம் சேஃப் பூட்டை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட். அவ்வளவுதான். கூடவே விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைத்துவிடு. அது இருந்தால் ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் அரைத்தூக்கத்தில்தான் இருக்கும், லினக்ஸிலிருந்து டி டிரைவில் எதையும் எழுத முடியாது.

உன் கடையில் இருக்கும் டெஸ்க்டாப்பின் கதை வேறு. அதில் உபுண்டு ஏறிவிட்டது, ஆனால் எதில் துவங்குவது என்று கேட்கும் க்ரப் மெனுவில் விண்டோஸைக் காணோம், பயாஸில் எதையோ மாற்றினால்தான் வருகிறது என்கிறாய். எஃப்12 அழுத்தி வரும் பட்டியலை இன்னொரு தடவை கவனித்துப் பார். ஒரே பென்டிரைவ் இரண்டு முறை இருக்கும். ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்று போட்டிருக்கும், இன்னொன்றில் வெறும் பெயர். விண்டோஸ் யூஇஎஃப்ஐ என்ற புதிய துவக்க முறையில் இருக்க, நீ வெறும் பெயரை அழுத்தி உபுண்டுவைப் பழைய முறையில் ஏற்றிவிட்டாய். இரண்டும் இரண்டு வாசல். ஒரு வாசல் வழியாக வந்தவனுக்கு இன்னொரு வாசல் தெரியாது. இதைச் சரிசெய்ய, யூஇஎஃப்ஐ வரியை அழுத்தி வந்து, அதே உபுண்டு பிரிவிலேயே திரும்பப் போடுவதுதான் சுலபம். விண்டோஸ் உருவாக்கிய 100 எம்பி அளவுள்ள ஒரு குட்டிப் பிரிவு இருக்கும். இரண்டு சிஸ்டமும் துவங்குவது அங்கிருந்துதான். அதைப் பயன்படுத்திக்கொள், ஃபார்மட் மட்டும் செய்துவிடாதே.

கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போகிறது, பேட்டரி செத்துவிட்டதா என்று கேட்டிருந்தாய். பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. விண்டோஸ் மதர்போர்டு கடிகாரத்தை நம்மூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது, லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை எழுதிவைக்கிறது. நம் நாட்டுக்கு அந்த வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி. ஒரே ஒரு கட்டளையில் தீரும். இங்கே எழுதினால் நீ பார்த்துத் தட்டும்போது ஒரு கோடு தவறிவிடும், வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், அப்படியே ஒட்டி என்டர் தட்டு.

வைஃபை வரவில்லை என்றாயே, அந்த விஷயத்தில் மட்டும் டிஸ்ட்ரோவுக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். சில வைஃபை சில்லுகளுக்கு டிரைவர் மட்டும் போதாது, ஃபர்ம்வேர் என்ற தனிக் கோப்பும் வேண்டும். அது சுதந்திர மென்பொருள் இல்லை என்பதால் டெபியன் பல வருஷம் அதைத் தன் நிறுவல் வட்டில் சேர்க்காமல் இருந்தது. 2023-இல் வந்த டெபியன் 12-லிருந்துதான் சேர்த்தார்கள். கொள்கையில் அவ்வளவு பிடிவாதமாக இருந்தவர்கள் ஓட்டுப்போட்டு அதை மாற்றிக்கொண்டது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. உனக்கு இப்போது வேண்டியது ஒரு யூஎஸ்பி கேபிள். போனை அதில் செருகி, யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால் வயர் போட்ட இன்டர்நெட் மாதிரி வந்துவிடும். அதை வைத்து டிரைவர் மேனேஜரைத் திறந்தால், உன் சில்லுக்கு டிரைவர் இருந்தால் அதுவே காட்டும்.

அப்புறம், எது நல்லது என்ற கேள்வி. டிஸ்ட்ரோ எதில் வேறுபடுகிறது என்றால், எவ்வளவு நாள் பராமரிப்பார்கள், எவ்வளவு அடிக்கடி மாறும், சந்தேகம் வந்தால் யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதில்தான். ஃபெடோராவை எனக்குப் பிடிக்கும், புத்தம் புது லேப்டாப்புக்கு அதைத்தான் சொல்வேன், ஏனென்றால் கர்னல் புதிதாக இருக்கும். ஆனால் ஒரு பதிப்புக்கு ஏறக்குறைய 13 மாதம்தான் ஆயுள். ஆர்ச்சில் பதிப்பு என்பதே கிடையாது, நாள்தோறும் மாறிக்கொண்டிருக்கும். கற்றுக்கொள்ள அருமையான இடம். ஆனால் ஹால் டிக்கெட் பிரின்ட் எடுக்கப் பிள்ளைகள் வாசலில் நிற்கும்போது அப்டேட் படுத்தினால் நீ என்ன செய்வாய்? உனக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட், 22 வரிசை. உபுண்டு 24.04 மேல் கட்டியது, 2029 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். மின்ட் வெவ்வேறு திரைத் தோற்றங்களில் கிடைக்கும். டெஸ்க்டாப்பில் 4 ஜிபி ராம்தான் என்றால் அதற்கு லேசான எக்ஸ்எஃப்சிஇ, லேப்டாப்புக்கு சின்னமன். இரண்டிலும் மின்ட்டே இருக்கட்டும், ஒன்றில் கற்றது மற்றதிலும் உதவும். இன்னொரு காரணமும் உண்டு. மின்ட்டுக்கு அப்பா உபுண்டு, தாத்தா டெபியன். நான் லேபில் நாள் முழுக்க டெபியனோடுதான் இருக்கிறேன், நீ ராத்திரி பத்து மணிக்கு போன் செய்தாலும் எனக்குப் பதில் தெரியும்.

தமிழ் பற்றிக் கவலைப்படாதே. ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையைப் போட்டால் தமிழ்99 பலகை வந்துவிடும், உன் விரல் பழக்கம் மாற வேண்டியதில்லை. யூனிகோட் எழுத்தெல்லாம் விண்டோஸைவிட இங்கே எனக்கு அழகாகத் தெரிகிறது. ஆனால் பேஜ்மேக்கரில் பழைய எழுத்துருவில் செய்து வைத்திருக்கும் பத்திரிகை, நோட்டீஸ் கோப்புகள் இங்கே திறக்காது. அதற்காக டெஸ்க்டாப்பில் விண்டோஸை விட்டுவை, இன்டர்நெட் இணைப்பு மட்டும் வேண்டாம். கைரேகைக் கருவிக்கும் பிரின்டருக்கும் லினக்ஸ் டிரைவர் உண்டா என்று முன்கூட்டியே பார்த்துவிடு. பென்டிரைவிலிருந்தே மின்ட்டை ஓடவிட்டு, எதையும் நிறுவாமல் ஒரு பக்கம் பிரின்ட் எடுத்துப் பார். ஒரு டெஸ்ட் பேஜ் வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டினாய்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பேக்கப். ஹாஸ்டலில் உபுண்டு சிடி வந்த நாள் நினைவிருக்கிறதா? தபால் செலவுகூட வாங்காமல் உலகம் முழுக்க இலவசமாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள், 2011 வரைக்கும். வார்டன் அந்தக் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். அன்று ராத்திரியே போட்டோம். ‘முழு டிஸ்க்கையும் பயன்படுத்து’ என்று கேட்டதற்கு நான்தான் சரி என்று அழுத்தினேன். உன் அக்கா கல்யாண போட்டோ அத்தனையும் அதில் இருந்தது. நீ ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. இருபது வருஷம் ஆகப்போகிறது, யாருடைய மெஷினில் அந்தப் பக்கம் வந்தாலும் என் கை ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் நகர்கிறது. அதனால், கடைக் கோப்புகள் மொத்தத்தையும் வெளி டிஸ்க்கில் ஏற்று, ஏற்றியதில் நாலைந்தைத் திறந்தும் பார். அதற்கப்புறம் பென்டிரைவைச் செருகு.

ஐஎஸ்ஓவை இறக்கியதும், கோப்பு முழுசாக வந்ததா என்று காட்டும் செக்சம் எண்ணைச் சரிபார்க்க மறக்காதே. கடை இன்டர்நெட்டில் இரண்டரை ஜிபிக்கு மேல் இறங்குவதற்குள் எங்கே அறுந்தது என்று யாருக்கும் தெரியாது. ஐஎஸ்ஓவை வெறுமனே காப்பி செய்து பென்டிரைவில் போட்டால் பூட் ஆகாது, ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற மென்பொருளை வைத்து எழுது.

லேப்டாப்பில் ஏஹெச்சிஐ மாற்றும் வேலையை மட்டும் நான் வரும்வரை தள்ளிவை என்று சொல்லத் தோன்றுகிறது. காணும் பொங்கலன்று காலை பஸ்ஸில் கிளம்பி மதியத்துக்குள் தென்காசி வந்துவிடுவேன். நல்ல பென்டிரைவ் இரண்டு, ஒரு ராம் குச்சி, யூஎஸ்பி கேபிள் எல்லாம் எடுத்து வருகிறேன். அதுவரை டெஸ்க்டாப்பில் கடிகாரத்தை மட்டும் சரிசெய்து பார். ஏதாவது எர்ரர் வந்தால் ‘வேலை செய்யவில்லை’ என்று எழுதாதே, திரையை அப்படியே போட்டோ எடுத்து அனுப்பு, கடைசி வரி தெரிகிற மாதிரி.

அப்பாவிடம் நான் கேட்டதாகச் சொல். அம்மாவிடம் மதியச் சாப்பாட்டுக்கு வருகிறேன் என்றும் சொல்லிவை.

உன் பழைய அறைத்தோழன்