அச்சையும் கொஞ்சம் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த பழைய இஸ்லாமிய மண்பாண்டக் கட்டுரை நன்றாக இருந்தது, ஆனால் முழுக்க முழுக்க பளபளக்கும் வண்ணத் தட்டுகளைப் பற்றியே பேசிவிட்டு, கண்ணாடிபோல் மினுங்கும் பூச்சு இல்லாத குடுவைகளை ஒரே வரியில் 'சாதாரணப் புழக்கப் பொருட்கள்' என்று தாண்டிவிட்டீர்கள். எனக்கு அதில்தான் வருத்தம்.

ஈரானின் நிஷாப்பூரில் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தினர் 1930களில் தோண்டியபோது, இப்படிப் பூச்சில்லாத குடுவைகளோடு அவற்றைச் செய்த அச்சுகளும் கிடைத்தன. அச்சும் சுட்ட களிமண்தான், கிண்ணம் மாதிரி இருக்கும், வேலைப்பாடு உள்பக்கத்தில் பள்ளமாக. ஈரக் களிமண்ணை அதில் அழுத்திவிட்டுக் காத்திருந்தால், அச்சு ஈரத்தை உறிஞ்ச, மண் காய்ந்து சுருங்கித் தானாகவே விட்டுக்கொண்டு வரும். மேல் பாதி ஒன்று, கீழ்ப் பாதி ஒன்று. இரண்டையும் களிமண் குழம்பு வைத்து ஒட்டி, அப்புறம் கழுத்தும் கைப்பிடியும் தனியாகச் சேர்ப்பார்கள். வயிற்றைச் சுற்றி அந்த ஒட்டு பல குடுவைகளில் இன்றும் தெரியும்.

எழுத்து வேண்டுமென்றால் அச்சில் அதை இடவலம் மாற்றி, கண்ணாடியில் தெரிவதுபோல் வெட்ட வேண்டும். அரபி எழுத்தை இடமிருந்து வலமாக! இது சாதாரண வேலையா?

பூச்சு இல்லாததும் குறையில்லை சார், நம் மண்பானை போலவே நீர் கசிந்து ஆவியாகித் தண்ணீர் குளிர வேண்டுமே. அடுத்த முறை ஒரு அச்சின் படமாவது போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்