உகாண்டா அகதிக் குடியிருப்புக்குப் போகும் இளையோருக்கு ஐந்து மாத ஆயத்தம் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையை ஒட்டிக் கத்தோலிக்கப் பங்குகளிலிருந்தும் கல்லூரிகளிலிருந்தும் இளையோர், அங்குள்ள மக்களோடு தங்கி உதவும் தோழமைப் பயணமாக ஆப்பிரிக்காவுக்குப் புறப்படுவதுண்டு. வழியனுப்புத் திருப்பலியும் விமான நிலையத்தில் எடுத்த குழுப் படமும் செய்தியாகின்றன. அதற்கு முந்தைய மாதங்களில் அவர்கள் என்னென்ன செய்து முடித்திருக்க வேண்டும் என்று யாரும் எழுதுவதில்லை. இத்தகைய பயணங்களுக்கு இளையோரை ஆயத்தம் செய்கிறவர்கள் என்ற முறையில், வடமேற்கு உகாண்டாவின் பிடிபிடி அகதிக் குடியிருப்பை எடுத்துக்கொண்டு இதை எழுதுகிறோம். ஐந்து மாதத்துக்குக் குறைவான ஆயத்தத்தோடு ஒருவரையும் அங்கே அனுப்பக் கூடாது.

தென்சூடானில் 2016 ஜூலையில் சண்டை மீண்டும் மூண்டபோது எல்லை தாண்டி வந்தவர்களுக்காக, அதே ஆண்டு ஆகஸ்டில் யும்பே மாவட்டத்தில் திறக்கப்பட்டது பிடிபிடி. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்கிறார்கள். நம் மனத்தில் உள்ள முள்வேலி முகாம் அல்ல அது. உகாண்டாவின் 2006ஆம் ஆண்டு அகதிகள் சட்டம் அவர்களுக்கு வேலை செய்யவும் நடமாடவும் உரிமை தருகிறது. குடும்பத்துக்குச் சிறு துண்டு நிலமும் கிடைக்கிறது. ஆனால் உலக உணவுத் திட்டம் நிதி போதாமல் உணவுப் பங்கீட்டைப் பலமுறை குறைத்துவிட்டது. வந்த விருந்தாளிக்குத் தங்கள் பங்கிலிருந்தே எடுத்து வைக்கிற மக்கள் அவர்கள். எனவே தன் சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் ஆகும் செலவை விருந்தோம்பும் அமைப்பிடம் முன்பணமாகக் கட்டாத எந்தக் குழுவும் கிளம்பக் கூடாது.

முதல் வேலை அழைப்புக் கடிதம். மறைமாவட்டமோ அங்கே பணிபுரியும் அமைப்போ அதை எழுத வேண்டும். ‘வாருங்கள், மகிழ்ச்சி’ என்று இரண்டு வரி போதாது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன வேலை, யாருடைய மேற்பார்வையில், எங்கே தங்குவது ஆகிய நான்கும் கடிதத்தில் இருக்க வேண்டும். அகதிக் குடியிருப்புகள் உகாண்டா பிரதமர் அலுவலகத்தின் பொறுப்பில் உள்ளவை. உள்ளே போக அந்த அலுவலகத்தின் அனுமதியும் தேவை. சுற்றுலா விசா வேலை செய்வதற்கான அனுமதி அல்ல. சம்பளம் இல்லாத வேலைதானே என்று நாமாக முடிவு செய்துகொள்ளக் கூடாது. எந்த வகை அனுமதி பொருந்தும் என்பதை அழைப்பவர்களே குடிநுழைவுத் துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்கித் தரட்டும்.

தேதியில்தான் பெரும்பாலான குழுக்கள் கோட்டை விடுகின்றன. நமக்கு மே மாதம் விடுமுறை. உகாண்டாவில் பள்ளி ஆண்டு பிப்ரவரியில் தொடங்குகிறது; முதல் பருவம் முடிந்து அங்கேயும் மே மாதத்தில்தான் விடுமுறை விடுகிறார்கள். பாடம் சொல்லித்தரப் போனவர்கள் பூட்டிய பள்ளியைப் பார்த்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்று சுவருக்கு வண்ணம் அடிக்கிறார்கள். வண்ணம் அடிக்கவும் செங்கல் அடுக்கவும் அங்கே ஆள் இருக்கிறது, அந்தக் கூலி அவர்களுக்குத் தேவையாகவும் இருக்கிறது. அழைப்பவர் கேட்டால் ஒழிய அந்த வேலையில் கை வைக்காதீர்கள். சூரிய மின்தகடு பழுதுபார்க்கத் தெரிந்த ஐ.டி.ஐ. மாணவர், தையல் இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த பெண், கணக்குப் பதிவு செய்யத் தெரிந்த பி.காம். பட்டதாரி போன்றவர்களால் உண்மையில் பயன் உண்டு. மருத்துவ மாணவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: இங்கே செய்ய அனுமதி இல்லாத எதையும் அங்கே செய்யக் கூடாது. அங்கே மருத்துவம் பார்க்க அந்நாட்டு மருத்துவக் கவுன்சிலின் தற்காலிகப் பதிவு வேண்டும்.

அடுத்தது பெயர். சிறிய விஷயமாகத் தோன்றும், ஆனால் தமிழர்களைத்தான் இது அதிகம் படுத்துகிறது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். விமானச் சீட்டில் இனிஷியல் முன்னால் வரும். தடுப்பூசி அட்டையில் அப்பா பெயர் விரிவாக இருக்கும். மூன்றும் ஒரே ஆளுடையவை என்று உகாண்டாவின் எண்டெபி விமான நிலைய அதிகாரிக்கு எப்படித் தெரியும்? குடும்பப் பெயர்க் கட்டத்தை நிரப்புவதானால் பாஸ்போர்ட்டை மறுபடி எடுக்க வேண்டும். அதனால் இதைப் புறப்படுவதற்கு ஐந்து மாதம் முன்பே பார்த்துவிட வேண்டும். பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும் என்பதையும் அப்போதே சரிபாருங்கள். கையோடு காவல் துறை நற்சான்றுக்கும் பாஸ்போர்ட் சேவை வழியே விண்ணப்பித்துவிடுங்கள். குழந்தைகள் இருக்கும் இடத்துக்குப் போகிறவரிடம் அதைக் கேட்காத அமைப்பை நாங்கள் நம்புவதில்லை.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். அட்டை இல்லாமல் உகாண்டாவுக்குள் நுழைய முடியாது. திரும்பி வரும்போது அட்டை இல்லையென்றால் இந்தியாவில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தப்படுவார்கள். கிண்டி கிங் ஆய்வு நிலையத்திலும், சென்னை, தூத்துக்குடி துறைமுக நலவாழ்வு அலுவலகங்களிலும் போடுகிறார்கள். ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருக்கும். திறந்தால் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். அதனால் குறித்த நாட்களில், முன்பதிவு செய்தவர்களுக்குத்தான் ஊசி. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்று செல்லுபடியாகும். 2016 ஜூலை 11 முதல் அது வாழ்நாள் முழுவதற்கும் பொருந்தும். பழைய அட்டையில் பத்து ஆண்டு என்று அச்சிட்டிருந்தாலும் கவலை இல்லை. முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது. இது உயிருள்ள கிருமியால் ஆன ஊசி. தட்டம்மை ஊசியும் தேவைப்பட்டால் இரண்டையும் ஒரே நாளில் போட வேண்டும், இல்லாவிட்டால் நான்கு வாரம் இடைவெளி விட வேண்டும். டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, மூளை உறைக் காய்ச்சலுக்கான நால்வகை ஊசி ஆகியவற்றையும் மருத்துவரிடம் கேளுங்கள். வடக்கு உகாண்டா ஆப்பிரிக்காவின் மூளை உறைக் காய்ச்சல் பட்டையில் இருக்கிறது. வெறிநாய்க்கடிக்கு முன்கூட்டியே போடுவது இரண்டு ஊசி: முதல் நாள் ஒன்று, அதிலிருந்து ஏழு நாள் கழித்து ஒன்று.

ஆனால் உயிரைப் பறிப்பது மலேரியாதான். சென்னையில் வரும் மலேரியா பெரும்பாலும் வைவாக்ஸ் வகை. உகாண்டாவில் இருப்பது ஃபால்சிபாரம்; ஓரிரு நாளில் மூளையைத் தாக்கக் கூடியது, குளோரோகுயினுக்குக் கட்டுப்படாதது. தடுப்பு மாத்திரை எது என்பதை மருத்துவர் முடிவு செய்வார். டாக்ஸிசைக்ளின் என்றால் தினம் 100 மில்லிகிராம், புறப்படுவதற்கு ஓரிரு நாள் முன்பே தொடங்கி, ஊர் திரும்பிய பிறகும் நான்கு வாரம். வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டுப் படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். வெயிலில் தோல் எளிதில் கருகும். இந்த இரண்டையும் யாரும் சொல்லாததால்தான் பலர் பத்தாம் நாளில் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். மெஃப்ளோகுயின் வாரம் ஒன்று; இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்க வேண்டும். மனநலச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் வலிப்பு உள்ளவர்களுக்கும் அது ஆகாது. எந்த மாத்திரை எடுத்தாலும் மருந்தூட்டிய கொசுவலைக்குள் தூங்க வேண்டும். நைல் ஆற்றிலும் ஏரிகளிலும் கால் நனைக்கவே கூடாது. நத்தை வழியாகப் பரவும் பில்ஹார்சியா தோலைத் துளைத்து உள்ளே போகும்.

பெட்டி விஷயத்துக்கு வருவோம். பத்துப் பேர் ஆளுக்கு 23 கிலோ என்றால் 230 கிலோ. அதில் பாதி பழைய துணி, மீதி பங்கு மக்கள் கொடுத்த மாத்திரைகள் என்று நிரப்புகிற வழக்கம் நிற்க வேண்டும். உலகெங்கும் கழித்துவிட்ட துணி உகாண்டாச் சந்தைகளில் ஏற்கெனவே மலைபோல் குவிகிறது. ‘மிவும்பா’ என்று அதற்குத் தனிப் பெயரே இருக்கிறது. மருந்துக் கொடை அங்கே போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் மீதம் இருக்க வேண்டும், நோயாளிக்குக் கொடுத்து மிஞ்சியதாக இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். அந்நாட்டு மருந்து ஆணையத்தின் அனுமதியும் வேண்டும். வீட்டு அலமாரியில் மிஞ்சிய அட்டைகள் இதில் எதற்கும் தேறாது. அதற்குப் பதில் எடுத்துக்கொள்ள வேண்டியவை: சொந்த மருந்துகள், கடை அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும், மூன்று பட்டைமுனை கொண்ட பிளக்குக்கு ஓர் அடாப்டர் (நம் உருண்டை முனை அங்கே பொருந்தாது), டார்ச் விளக்கு, 27,000 எம்.ஏ.எச்.சுக்கு மேற்படாத பவர் பேங்க், அதுவும் கைப்பையில், ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள். பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு உரியது. அதை ஒரு டம்ளர் நீரில் கரைத்துக் குடித்தால் வயிற்றுப்போக்கு கூடும். ராணுவப் பச்சைக் கோலம் போட்ட கால்சட்டை, தொப்பி எதையும் எடுத்துப் போகாதீர்கள். சீருடை போன்ற உடையைப் பொதுமக்கள் அணிவது அங்கே குற்றம்.

டாலர் நோட்டு 2013க்குப் பிறகு அச்சிட்டதாக, கிழிசலோ பேனாக் கிறுக்கலோ இல்லாததாக இருக்க வேண்டும். பழைய நோட்டை வாங்க மாட்டார்கள்; 100 டாலர் நோட்டுக்குக் கிடைக்கிற விலை சிறு நோட்டுகளுக்குக் கிடைக்காது. காப்பீட்டில் விமான ஆம்புலன்ஸ் செலவு சேர்ந்திருக்கிறதா என்று பாலிசியைத் திறந்து படியுங்கள். தலைநகர் கம்பாலாவிலிருந்து வடமேற்கில் உள்ள அருவா நகரம் ஏறக்குறைய 500 கிலோமீட்டர். இரவில் அந்தச் சாலையில் பயணம் கூடாது, ‘போடா போடா’ என்கிற வாடகை பைக்கில் தலைக்கவசம் இல்லாமல் ஏறவும் கூடாது.

இனி, ஊசியும் பெட்டியும் தீர்க்காத ஒன்று. நம் பிள்ளைகள் அங்கே இறங்கியதும் ‘முஹிந்தி’ என்று அழைக்கப்படுவார்கள், அதாவது இந்தியர். 1972 ஆகஸ்டில் இடி அமீன் ஆசியர்களுக்குத் தொண்ணூறு நாள் கெடு விதித்து வெளியேற்றியதை நாம் ஒரு கொடுமையாக மட்டும் படித்திருக்கிறோம். அது கொடுமைதான். ஆனால் அதற்கு முன் பல பத்தாண்டுகள் கடையும் ஆலையும் பெரும்பாலும் இந்தியர் கையில் இருந்தன, வேலையாள் ஆப்பிரிக்கராக இருந்தார் என்பதும் அந்த ஊரின் நினைவில் இருக்கிறது. இந்த இரண்டையும் படிக்காமல் போகிறவருக்குக் கடைத்தெருவில் கிடைக்கும் பார்வையின் பொருள் புரியாது.

யும்பே மாவட்டத்தில் முஸ்லிம்களே பெரும்பான்மை. நாம் நம்பிக்கையால் உந்தப்பட்டுப் போகிறோம். அதை மறைக்க வேண்டியதில்லை. உகாண்டா மறைசாட்சிகளான 22 கத்தோலிக்கரும் 23 ஆங்கிலிக்கரும் ஒரே மன்னனின் காலத்தில் உயிர் நீத்தவர்கள். ஜூன் 3 அன்று நமுகோங்கோவுக்கு இரு சபையாரும் நடந்து வருகிறார்கள். போகிறவர்கள் அவர்கள் வரலாற்றைப் படித்து, செபித்துவிட்டுப் போகட்டும். ஆனால் உதவியைச் சமயக் கருத்தைப் பரப்பும் கருவியாக்கக் கூடாது என்று 1994ஆம் ஆண்டின் செஞ்சிலுவை நடத்தை நெறி சொல்கிறது. அரிசிப் பையோடு துண்டறிக்கை கொடுப்பது அந்த நெறிக்கு மட்டுமல்ல, நற்செய்திக்கும் எதிரானது என்றே நாங்கள் கருதுகிறோம். தென்சூடானியர் பேசும் ஜூபா அரபியில் ‘இத்தா கேஃப்?’ என்று நலம் விசாரிக்கக் கற்றுக்கொண்டால் எந்த மதத்தார் வீட்டிலும் முகம் மலரும். குழந்தைகளைப் படமெடுக்க வேண்டாம். அனாதை இல்லத்துக்கு ஒருநாள் ‘விசிட்’ வேண்டவே வேண்டாம்; அங்குள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார். பார்வையாளர் பணம்தான் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து அங்கே நிறுத்துகிறது.

ஐந்து மாதத்தில் சில சனிக்கிழமைகளை இங்கேயே செலவிடச் சொல்கிறோம். தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. கொட்டப்பட்டு முகாம் திருச்சி விமான நிலையத்துக்கு அருகிலேயே இருக்கிறது. வருவாய்த் துறை அனுமதியோடு அங்கே போய், எதையும் கொடுக்காமல், மாலைப் பாட வகுப்பில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வரட்டும். முப்பது ஆண்டுக்கும் மேலாக அகதியாக இருப்பது என்றால் என்ன என்பதைத் தமிழிலேயே சொல்ல அங்கே ஆள் இருக்கிறார்கள். அதற்குப் பொறுமை இல்லாதவரை உகாண்டாவுக்கு அனுப்புவதில் பயன் இல்லை.

அனுப்பும் பங்கும் பெற்றோரும் கடைசியாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஊர் திரும்பிய பிள்ளைக்கு அடுத்த மூன்று மாதத்துக்குள், ஏன் அதற்குப் பிறகும், காய்ச்சல் வந்தால் சாதாரணக் காய்ச்சல் என்று இரண்டு நாள் வீட்டில் வைத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போய், ‘உகாண்டா போய் வந்தவர், ஃபால்சிபாரம் மலேரியாவுக்கு ரத்தம் பாருங்கள்’ என்று நீங்களாகவே சொல்லுங்கள். முதல் சோதனையில் ஒன்றும் தெரியாவிட்டால் மறுநாள் மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வெளிநாட்டுத் தோழமைப் பயணங்களுக்கு இளையோரை ஆயத்தம் செய்வோர்,
திருச்சிராப்பள்ளி