வியர்வை உலருமுன்: சமய பாடத்திட்டம் வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

சமய பாடங்களின் பாடத்திட்டத்தை வகுக்கும் பெரியோர்களுக்கு வணக்கம்.

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையொன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சைவநெறி கற்பிக்கிறேன். சமய பாடவேளைக்கு மணி அடித்ததும் வகுப்பு பிரிந்துவிடும். சைவப் பிள்ளைகள் என்னுடன் இருப்பார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் நூலகத்துக்குப் போவார்கள். இஸ்லாம் கற்பிக்க ஆசிரியர் இல்லாததால் முஸ்லிம் பிள்ளைகள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் இருப்பார்கள். நாற்பது நிமிடம் கழித்து எல்லோரும் மறுபடி ஒன்றாக உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள். இது எனக்கும் வெகுகாலம் இயல்பாகவே தெரிந்தது.

2019 உயிர்த்த ஞாயிறன்று இஸ்லாமியத் தீவிரவாதிகள் நடத்திய குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு பாடசாலை திறந்தபோது, வராந்தாவில் இருந்த மாணவி ஒருத்தியிடம் அவளுடைய தோழிகளே பேசத் தயங்கினார்கள். அவர்கள் கெட்ட பிள்ளைகள் அல்லர். அவளுடைய வேதத்திலிருந்து ஒரு வரியைக்கூட அவர்களுக்கு யாரும் வாசித்துக் காட்டியதில்லை. நானும் காட்டவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சிதான் இந்தக் கடிதம்.

அதன் பின்னர், பெற்றோரின் சம்மதத்தோடு, தரம் 10 பிள்ளைகளைச் சில சனிக்கிழமைகளில் ஒன்றாக இருத்தினேன். கடவுள் யார் என்ற கேள்வியில் தொடங்கவில்லை. சம்பளத்தில் தொடங்கினேன். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் பெயர் விழுந்ததா, அதாவது முழுநாள் கூலியா, அல்லது அரைநாள் கூலியான அரைப்பெயரா என்பதுதானே எங்கள் பிள்ளைகளின் வீட்டுப் பேச்சு.

நான்கு பகுதிகளைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். விவிலியத்தின் இணைச்சட்ட நூல், கூலியாளின் கூலியை அன்றன்றே, பொழுது சாயுமுன் கொடுக்கச் சொல்கிறது. கொடுக்காவிட்டால் அவன் உனக்கு எதிராக ஆண்டவரிடம் முறையிடுவான் என்கிறது. இப்னு மாஜாவின் ஹதீஸ் தொகுப்பில், உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுங்கள் என்ற நபிமொழி இருக்கிறது. பௌத்த நூலான தீக நிகாயத்தின் சிகாலோவாத சூத்திரம், வேலை வாங்குபவரின் கடமைகள் ஐந்து என்கிறது: வலிமைக்கேற்ற வேலை, உணவும் கூலியும், நோயில் பராமரிப்பு, நல்ல உணவு கிடைத்தால் பங்கு, காலத்தில் ஓய்வு. எங்கள் திருமந்திரத்திலிருந்து, ‘யாவர்க்குமாம் உண்ணும்போது ஒரு கைப்பிடி’.

ஒரே நிபந்தனை: முதலில் அடுத்தவரின் நூலைப் பற்றி எழுத வேண்டும். விளங்காததை விளங்கவில்லை என்றே எழுதலாம்.

கொழுந்து பறிக்கும் தாயின் மகள் ஒருத்தி, நோயில் பராமரிப்பு என்ற இடத்தைத் தாண்டவே இல்லை. தன் தாய் காய்ச்சலோடு மலைக்குப் போன ஒரு காலைப்பொழுதை மூன்று பக்கம் எழுதியிருந்தாள். அதே சூத்திரம் வேலைக்காரருக்கும் ஐந்து கடமைகள் சொல்கிறது. எசமானுக்கு முன் எழுந்து அவருக்குப் பின் உறங்க வேண்டும் என்பது அதிலொன்று. அதை ஏற்கமாட்டேன் என்று ஒரு மாணவன் காரணத்தோடு எழுதினான். முழுவதும் வாசித்துவிட்டு மறுத்திருந்தான்; அதனால் அந்தக் கட்டுரை எனக்குப் பிடித்தது. கத்தோலிக்க மாணவி ஒருத்தி திருமந்திரத்தைப் பற்றி ஒரு கேள்வி எழுப்பினாள்: கைப்பிடி உணவு ஈகை, கூலி உரிமை, இரண்டையும் ஒன்றாக வைக்கலாமா? ஆண்டுதோறும் அந்தப் பாடலை மனனம் செய்வித்த எனக்கு அது தோன்றியதே இல்லை.

ஆகவே, எல்லாச் சமயமும் ஒன்றையே சொல்கின்றன என்ற வாக்கியத்தைத் தயவுசெய்து பாடநூலில் அச்சிடாதீர்கள். அது வாசிக்கும் வேலையை மிச்சப்படுத்துகிறது. எங்கள் முற்றத்திலிருந்து சிவனொளிபாதமலை தெரிகிறது. அதன் உச்சியில் இருப்பது எங்களுக்குச் சிவனின் பாதம், பௌத்தருக்குப் புத்தரின் பாதம், முஸ்லிம்களுக்கு ஆதமின் பாதம். 1344இல் மொரோக்கோப் பயணி இப்னு பதூதா ஏறியதும் ஆதமின் பாதத்தைக் காணத்தான். இவை வெவ்வேறு கதைகள். வேறுபாட்டோடு சேர்ந்து மலையேறலாம் என்பதை யாத்திரைக் காலமான டிசம்பர் முதல் மே வரை எங்கள் பிள்ளைகள் கண்ணால் பார்க்கிறார்கள்.

புனித நூல் என்று சொல்லும்போது இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டுகிறேன். தன் தாத்தா தொழிற்சாலைச் சக்கரத்தருகே கும்பிட்ட ரோதைமுனியைப் பற்றி ஒரு மாணவன் எழுதினான். அந்தச் சாமிக்கு வேதமும் இல்லை, பாடநூலில் ஒரு வரியும் இல்லை. தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தின் பாட்டுகளும் பெரும்பாலும் பாடுபவர்களின் நெஞ்சிலேயே இருக்கின்றன. மலையகத்தில் பிள்ளைகளின் எழுத்தும் அவற்றுக்கு ஓர் ஏடாகலாம்.

அடுத்த சமயத்தை வாசித்தால் பிள்ளை தன் சமயத்தை விட்டுவிடும் என்று பெற்றோர் அஞ்சுவதை நான் அறிவேன். அவர்களிடம் ஆறுமுக நாவலரைத்தான் சொல்வேன். பீட்டர் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலியத்தைத் தமிழாக்க உழைத்தவர் அவர். வரிவரியாக அதை அறிந்தவர், கிறிஸ்தவப் பிரசாரத்தைக் கடுமையாக எதிர்த்துச் சைவத்தில் மேலும் ஊன்றி நின்றார்.

நான் கேட்பது பெரிதன்று. அவரவர் சமய பாடம் அப்படியே இருக்கட்டும். தரம் 10இல் ஒரே ஒரு தவணைக்கு, வாரம் ஒரு பாடவேளை, எல்லாப் பிள்ளைகளும் ஒரே அறையில் இருந்து ஒருவர் நூலை ஒருவர் வாசித்து எழுத இடம் கொடுங்கள். அந்த எழுத்துக்குப் புள்ளி கொடுங்கள். புள்ளி இல்லாத வேலைக்குப் பாடசாலையில் நேரம் கிடைப்பதில்லை. மூலப் பகுதிகளைத் தெரிவு செய்யும் குழுவில் குருக்களும் மௌலவியும் பாதிரியாரும் தேரரும் இருக்கட்டும். தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவரும் இருக்கட்டும்.

பிள்ளைகளின் கொப்பிகள் என் அலுமாரியில் இருக்கின்றன. அவர்களின் அனுமதியைக் கேட்டு, பெயர்களை மறைத்துப் பிரதியெடுத்து அனுப்பி வைக்கிறேன். பாடத்திட்டத்தைத் திருத்த அமருமுன் அவற்றை வாசியுங்கள்.

இப்படிக்கு,
மஸ்கெலியாவிலிருந்து ஒரு சைவநெறி ஆசிரியை