பாட்டெழுதியவர் பெயரையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிங்கள ஒலிபரப்பாளர் கருணாரத்ன அபேசேகரவை (1930–1983) நினைவுகூர்வோர் பெரும்பாலும் அவரது சிங்களக் கிரிக்கெட் வர்ணனையோடு நின்றுவிடுகிறார்கள். அது பெரிய சாதனைதான். அந்த வர்ணனையில் விக்கெட்டுக்குச் சிங்களத்தில் 'கடுல்ல' என்பார்கள். கம்பு செருகிய வேலிக் கடப்பைக் குறிக்கும் கிராமத்துச் சொல். மைதானமே காணாத நேயருக்கும் காட்சி விரிந்துவிடும்.

ஆனால் இலங்கை வானொலியில் அறிவிப்பாளராக இருந்துகொண்டே சிங்களப் படங்களுக்கு அவர் எழுதிய பாடல்கள் ஏராளம். 1950களில் பல படங்களுக்கு மெட்டு முதலில் வரும், அதுவும் இந்தி மெட்டு, சொல் பிறகுதான். ராகம் நீளும் இடத்தில் நெடில் விழாவிட்டால் பாடகர் குறிலை இழுப்பார், பொருளே குலையும். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அக்கால இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடந்தான். பல்லவியும் சரணங்களும் அதற்குள் அடங்க வேண்டும். அந்தப் பாடல்களை ஒலிபரப்பும் நிலையங்கள் பாடகரோடு பாடலாசிரியர் பெயரையும் தவறாமல் அறிவிக்கட்டும்.

– வானொலி நேயர் ஒருவர்